தற்காப்புக்கு துப்பாக்கி, சேகரிக்க கத்தி: அமெரிக்காவுல எதை வச்சு தேர்ந்தெடுக்கறாங்க?

அமெரிக்காவுல எந்த கன் ஷோவுக்குப் போனாலும் ஒரு மேஜைல கைத்துப்பாக்கியா அடுக்கியிருப்பாங்க, பக்கத்து மேஜைல மடக்குக் கத்தி, உறைக்கத்தி, அம்பது வருஷத்து பாக்கெட் கத்தி எல்லாம் துணி விரிச்சு வரிசையா வச்சிருப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விக்கறதால ரெண்டும் ஒரே சமாச்சாரம்தான்னு வெளிலேர்ந்து பாக்கறவங்களுக்குத் தோணும். ஆனா தற்காப்புக்குன்னு வாங்கற துப்பாக்கில பாக்க வேண்டியது ஒண்ணு, சேகரிக்கற கத்தில பாக்க வேண்டியது முழுக்க வேற, இந்தக் கணக்கை அந்தக் கணக்கோட குழப்பினா கத்தில பணம் போகும், துப்பாக்கில உயிரே போகும். நியூஸ்ல "பெர்மிட் இல்லாத கேரி", "9 எம்எம்", "ஹாலோ பாயின்ட்"னு வந்துட்டே இருக்கறதால, ஒவ்வொண்ணும் என்ன, அதனால என்ன ஆகுதுன்னு அடிப்படைலேர்ந்தே பாத்துடலாம்.

சட்டம் இப்ப எங்க நிக்குது

2008ல ஹெல்லர் வழக்கு. தற்காப்புக்காக வீட்டுக்குள்ள கைத்துப்பாக்கி வச்சுக்கறது தனிமனித உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2010ல மெக்டொனால்ட் வழக்கு, அதே உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும்னு தீர்ப்பு. 2022 ஜூன்ல ப்ரூயன் வழக்கு, இதுதான் பெரிய திருப்பம், வீட்டுக்கு வெளில எடுத்துட்டுப் போறதும் அந்த உரிமைக்குள்ள வருது, "உனக்கு ஏன் வேணும், விசேஷமான காரணம் சொல்லு"ன்னு நியூயார்க் மாதிரி மாநிலங்கள் கேக்கறது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. 2024 ஜூன்ல ரஹீமி வழக்குல, குடும்ப வன்முறைக்காக கோர்ட் தடை உத்தரவு போட்ட ஆளுங்ககிட்ட துப்பாக்கி இருக்கக்கூடாதுங்கற சட்டம் செல்லும்னும் அதே கோர்ட்தான் சொல்லுச்சு. அதனால "அமெரிக்காவுல யார் வேணா துப்பாக்கி வச்சுக்கலாம்"ங்கறது தப்பு, "ஊருக்கு ஊர் மாறும்"ங்கறதுதான் சரி.

வாங்கப் போறவங்களுக்கு இதுல மூணு விஷயம் முக்கியம்.

1. லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட வாங்கினா 4473ங்கற ஃபார்ம் நிரப்பணும், 1998லேர்ந்து நடக்கற எஃப்பிஐ பின்னணி சோதனை நடக்கும், ஃபார்ம்ல பொய் சொன்னா அதுவே குற்றம். கைத்துப்பாக்கிக்கு ஃபெடரல் சட்டத்துல இருக்கற வயசு 21, இதை எதிர்த்தும் வழக்குங்க ஓடிட்டுதான் இருக்கு.

2. 2024 கணக்குக்கு 29 மாநிலங்கள்ல பெர்மிட் இல்லாமலே மறைச்சு எடுத்துட்டுப் போகலாம். ஆனா ஒரு மாநிலத்துல சரியா இருக்கறது எல்லையைத் தாண்டினா ஜெயில் சமாச்சாரம் ஆயிடும், பென்சில்வேனியா பெர்மிட்டை பாக்கெட்ல வச்சுக்கிட்டு நியூஜெர்சிக்குள்ள போய் மாட்டிக்கிட்டவங்க உண்டு.

3. இது நம்ம ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. ஹெச்1பி, எஃப்1, பி2 மாதிரி தற்காலிகமா தங்கற நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், வாங்கறது மட்டும் இல்ல, கையில வச்சிருக்கறதும் சேர்த்திதான். செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. ஆஃபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்சுக்கு கூப்பிடறாங்கன்னு போய் வாடகைத் துப்பாக்கியை எடுத்து நாலு ரவுண்டு சுட்டு செல்ஃபி போடறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும், ஏன்னா அந்த ஃபோட்டோவே சாட்சி, விசாவும் போகும், க்ரீன் கார்டு கனவும் போகும். க்ரீன் கார்டு வந்துட்டா வாங்கலாம், மாநில சட்டம் என்ன சொல்லுதோ அதுக்கு உட்பட்டு.

ரிவால்வர், செமி ஆட்டோ

ரிவால்வர்னா நடுவுல ஒரு உருளை, சிலிண்டர், அதுல அஞ்சு இல்ல ஆறு தோட்டா, ட்ரிகர் இழுக்க இழுக்க சுத்தி அடுத்தது வரும். சாமுவேல் கோல்ட் 1836ல அமெரிக்க பேடன்ட் வாங்கின ஐடியா, இன்னிக்கும் விக்குது. செமி ஆட்டோவுல தோட்டா எல்லாம் கைப்பிடிக்குள்ள மேகஸின்ல இருக்கும், சுட்ட வேகத்துல மேல இருக்கற ஸ்லைடு தானா பின்னால போய் காலி கூட்டை வெளில தள்ளி, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏத்திக்கிட்டு வரும். ஒரு தடவை ட்ரிகர் இழுத்தா ஒரே ஒரு ரவுண்டுதான். இழுத்துப் பிடிச்சா சுட்டுட்டே இருக்கற மெஷின் கன் வேற ஜாதி, அதை 1934லயே தனி சட்டம் போட்டு கட்டுப்படுத்திட்டாங்க, 1986க்கு அப்புறம் புதுசா செஞ்சது பொதுமக்களுக்குக் கிடையாது. நம்ம சேனல்ங்க செமி ஆட்டோவையும் மெஷின் கன்னையும் ஒண்ணாப் போட்டு செய்தி வாசிக்கறதாலதான் பாதி குழப்பம்.

1982ல ஆஸ்திரியாவுல கேஸ்டன் க்ளாக் செஞ்ச க்ளாக் 17, பிளாஸ்டிக் உடம்பு, 17 ரவுண்டு, அந்த நாட்டு ராணுவமே எடுத்துக்குச்சு, அதுக்கப்புறம் அமெரிக்க போலீஸ் ஒவ்வொண்ணா மாறுச்சு. இன்னிக்கு கடைல "தற்காப்புக்கு ஒண்ணு காட்டுங்க"ன்னு கேட்டா பெரும்பாலும் அந்த டிசைன் வழில வந்த ஒண்ணைத்தான் எடுத்து வைப்பாங்க, வெளில ஹேமர் (தோட்டாவைச் சுட வைக்கற சுத்தி) தெரியாது, தனியா சேஃப்டி லீவர் இருக்காது, இழுத்தா சுடும். இந்த எளிமைதான் அதோட பலமும் ஆபத்தும், விரலோ சட்டை நுனியோ ட்ரிகர்ல பட்டா சுட்டுடும், அதனால ட்ரிகரை முழுசா மூடற கெட்டியான ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, இல்லாம இந்த வகையை இடுப்புல சொருகவே கூடாது.

தோட்டா சைஸ் சண்டை எங்க ஆரம்பிச்சது

பாயின்ட் 45 (குண்டோட குறுக்களவு இன்ச்ல) பெருசா, 9 எம்எம் (அதே அளவு மில்லிமீட்டர்ல) போதுமாங்கற சண்டை ரொம்பப் பழசு. 45ங்கறது 1911ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட ஜான் ப்ரௌனிங்கோட பிஸ்டலுக்கான தோட்டா, 1985ல 9 எம்எம் பெரெட்டா பிஸ்டல் வர்ற வரைக்கும் அதுதான் அங்க ராஜா. அடுத்த வருஷமே வந்தது மயாமி.

1986 ஏப்ரல் 11. பேங்க் கொள்ளைக்காரங்க ரெண்டு பேரை எட்டு எஃப்பிஐ ஏஜென்டுங்க மடக்கறாங்க. சண்டை முடியும்போது ரெண்டு ஏஜென்ட் செத்துப் போயிட்டாங்க, அஞ்சு பேருக்கு காயம், கொள்ளைக்காரங்களும் செத்தாங்க. ஆரம்பத்துலயே ஒரு 9 எம்எம் குண்டு ஒருத்தனோட மேல்கை வழியா நெஞ்சுக்குள்ள போயிருக்கு, ஆனா இதயத்தைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுபோச்சு, அவன் அதுக்கப்புறமும் ரைஃபிளை வச்சு சுட்டுட்டே இருந்தான். எஃப்பிஐ அந்தக் குண்டு மேல பழியைப் போட்டுச்சு. அதுலேர்ந்துதான் இன்னிக்கும் ஓடற டெஸ்ட் வந்தது, சதை மாதிரி இருக்கற 10 சதவீத ஜெலட்டின் கட்டில சுட்டா குண்டு 12லேர்ந்து 18 இன்ச் வரைக்கும் உள்ள போகணும், கம்மியாவும் கூடாது, தாண்டிப் போயிடவும் கூடாது.

பெரிய தோட்டா தேடி 10 எம்எம்முக்குப் போனாங்க, அதோட உதை நிறைய ஏஜென்டுகளுக்கு கட்டுப்படல. அதைக் கொஞ்சம் குறைச்சு 1990ல பாயின்ட் 40 ஸ்மித் அண்ட் வெஸன்ங்கற தோட்டா வந்தது, நாட்ல பாதி போலீஸ் அதுக்கு மாறுச்சு, இருபது வருஷத்துக்கு மேல அது ஓடுச்சு. அப்புறம் எஃப்பிஐயே திரும்பி 9 எம்எம்முக்கு வந்துடுச்சு, 2016ல க்ளாக்குக்கு கான்ட்ராக்ட் குடுத்தாங்க. காரணம் ரெண்டு. நடுவுல குண்டு செய்யற விதம் நல்லா முன்னேறி, புது 9 எம்எம் குண்டுங்க அந்த ஜெலட்டின் டெஸ்டை சுலபமா பாஸ் பண்ணிடுது. ரெண்டாவது, உதை கம்மியா இருந்தா ஆளுங்க வேகமாவும் சரியாவும் சுடறாங்க. கைத்துப்பாக்கி எதுவா இருந்தாலும் ரைஃபிளை விட ரொம்ப பலவீனமானது, அதனால எங்க படுதுங்கறதுதான் கணக்கு, எவ்வளவு பெருசுங்கறது இல்ல. மயாமிலயே கைத்துப்பாக்கியும் ஷாட்கன்னும் வச்சுக்கிட்டு ரைஃபிள்காரனை எதிர்த்ததுதான் ஏஜென்டுகளுக்குப் பெரிய பாதகம்னு நான் நினைக்கறேன், அந்தப் பழி முழுசையும் ஒரு குண்டு மேல ஏத்தினதால ஒரு தலைமுறையே தப்பான கேள்விக்குப் பதில் தேடிட்டு இருந்துச்சு.

கடைல நிக்கும்போது பாக்க வேண்டியது

1. கை. பிடிச்சு நேரா நீட்டும்போது ஆள்காட்டி விரலோட முதல் ரேகைக்கு முன்னாடி இருக்கற சதை ட்ரிகர்ல சரியா உக்காரணும். விரல் எட்டலன்னா துப்பாக்கியைத் திருப்பிப் பிடிக்க வேண்டி வரும், குண்டு பக்கவாட்டுல போகும். சின்னக் கை இருக்கறவங்களுக்குன்னு பின்பக்கத்தை மாத்திக்கற மாதிரி நிறைய மாடல் வந்தாச்சு.

2. எடை. இதுதான் புதுசா வர்றவங்க அதிகமா ஏமாற இடம். சின்னதா லேசா இருந்தா சுட சுலபம்னு நினைப்பு, உண்மை நேர்மாறு. தோட்டாவோட உதையை வாங்கிக்க உலோகம் கம்மி, மிச்ச உதை உங்க மணிக்கட்டுக்கு. பொண்ணுங்க வந்தா அரைக் கிலோவுக்கும் கம்மியான குட்டி அஞ்சு ரவுண்டு ரிவால்வரை, அதுவும் ரோஸ் கலர்ல, எடுத்து நீட்டற கடைக்காரங்க இன்னிக்கும் இருக்காங்க, அது கெட்ட ஆலோசனை. அந்த குட்டி ரிவால்வருக்கு பேரல் ரெண்டு இன்ச்கூட இருக்காது, ட்ரிகர் இழுக்க அஞ்சு கிலோ வாக்குல அழுத்தம் வேணும், முன்னாடி இருக்கற குறிமுள் சின்னது, நல்லா பழகினவங்களே தடுமாறற ஆயுதம் அது. வீட்ல மட்டும் வைக்கப் போறீங்கன்னா க்ளாக் 19 அளவுல இருக்கற நடுத்தர சைஸ்தான் புதுசா கத்துக்கறவங்களுக்கு ஏத்தது.

3. ஸ்லைடு. செமி ஆட்டோவுல ஸ்லைடை பின்னால இழுக்க விரல்ல பலம் வேணும், மூட்டுவலி இருக்கறவங்களால முடியாது. இதுக்குன்னே 2018ல ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ஷீல்டு ஈஸி (EZ)ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, முதல்ல பாயின்ட் 380ங்கற லேசான தோட்டால, அப்புறம் 9 எம்எம்ல, வயசானவங்க லேசா இழுக்கலாம். அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்க ரிவால்வரைத்தான் எடுக்கணும்னு சொன்ன காலம் அதோட முடிஞ்சுது.

4. மறைச்சு வைக்கறது. 2018ல வந்த சிக் கம்பெனியோட பி365 பிஸ்டல் உள்ளங்கை சைஸ்லயே 10 ரவுண்டு குடுத்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த சைஸ்ல ஆறு, ஏழுதான். எல்லா கம்பெனியும் அதைப் பாத்து ஓட ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியா மாதிரி இடத்துல மேகஸினுக்கு 10க்கு மேல கூடாது, மாநில அரசோட அனுமதிப் பட்டியல்ல இருக்கற மாடலைத்தான் கடைல புதுசா விக்கவும் முடியும், அதனால யூடியூப்ல பாத்த மாடல் உங்க ஊர்ல கிடைக்காமலே இருக்கலாம்.

5. செலவு. துப்பாக்கி 500, 600 டாலர்னா அதோட நின்னுடாது, ஹோல்ஸ்டர், பெட்டகம், வகுப்பு, பழகறதுக்குத் தோட்டா எல்லாம் சேத்து இன்னொரு அதே அளவு வச்சுக்கோங்க. விலை உசந்த துப்பாக்கி வாங்கி வருஷத்துக்கு ஒரு பெட்டி தோட்டா சுடறவரை விட, சாதாரண துப்பாக்கி வாங்கி மாசாமாசம் ரேஞ்சுக்குப் போறவர் எவ்வளவோ மேல்.

கம்பெனி பேரு பெருசுங்கறதால கண்ணை மூடிட்டு நம்பவும் கூடாது. சிக் பி320 ராணுவ ஒப்பந்தம் ஜெயிச்ச அதே 2017ல, சில கோணத்துல கீழ விழுந்தா சுட்டுடுதுன்னு தெரிய வந்து கம்பெனி இலவசமா உள்பாகங்களை மாத்திக் குடுத்தாங்க. பழைய ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க அந்த வேலை நடந்துருக்கான்னு கேட்டுட்டு வாங்கணும்.

ஹாலோ பாயின்ட் மேல ஏன் இவ்வளவு பேச்சு

குண்டோட முனைல குழி இருக்கும், உடம்புல பட்டதும் பூ மாதிரி விரிஞ்சுக்கும். போர்ல இப்படி விரியற குண்டை 1899 ஹேக் பிரகடனம் தடை பண்ணுச்சு. அந்த வாதத்துக்கு நடுவுல இருந்ததே கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுத ஆலைல பிரிட்டிஷ்காரன் செஞ்ச குண்டுதான். போர்ல தடை பண்ணினதை போலீஸும் பொதுமக்களும் ஏன் வச்சுக்கறாங்கன்னு கேக்கலாம். விரியற குண்டு வேகமா நிக்கும், விரியாத முழு உலோக உறை போட்ட குண்டு ஆளைத் துளைச்சுட்டு பின்னாடி இருக்கற இன்னொருத்தர் மேலயும் படலாம். அமெரிக்க வீடுங்க பெரும்பாலும் மரச்சட்டம் அடிச்சு ஜிப்சம் போர்டு ஒட்டினது, நம்ம ஊர் செங்கல் சுவர் இல்ல, தவறவிட்ட குண்டு ரெண்டு மூணு அறையைத் தாண்டிப் போயிடும், ஹாலோ பாயின்ட்டாவே இருந்தாலும் தவறினா சுவரைத் துளைக்கும். அதனால குழந்தைங்க ரூம் எந்தப் பக்கம்னு யோசிக்காம தற்காப்புத் திட்டம் போட்டா அது திட்டமே இல்ல. நியூஜெர்சில மட்டும் ஹாலோ பாயின்ட்டை எங்க வச்சுக்கலாம்ங்கறதுக்குத் தனிக் கட்டுப்பாடே உண்டு.

21 அடி

1983ல டென்னிஸ் ட்யூலர்ங்கற சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் ஒரு கணக்கு போட்டுப் பாத்தார். கத்தியோட ஒருத்தன் 21 அடி தூரத்துலேர்ந்து ஓடி வந்தா ஒண்ணரை செகண்ட் ஆகும், பழகின போலீஸ்காரர் ஹோல்ஸ்டர்லேர்ந்து எடுத்து சுடறதுக்கும் அதே நேரம்தான் ஆகுது. இதை "21 அடிக்குள்ள வந்தா சுடலாம்"னு ஒரு விதியா மாத்தி சொல்லிட்டுத் திரியறாங்க, அவர் சொன்னது சட்டம் இல்ல, தூரமும் நேரமும் எவ்வளவு கம்மின்னு காட்டறதுக்கு ஒரு பயிற்சி. கையில துப்பாக்கி இருக்குங்கறதாலயே பாதுகாப்பு வந்துடாது, கவனிக்கறது, விலகிப் போறது, கதவை சாத்திட்டு 911ங்கற அவசர நம்பரைக் கூப்பிடறது இதெல்லாம் முதல்ல வருது.

வீட்ல எப்படி வைக்கறது

இதுக்குக் குடுக்கற கவனத்துல பத்துல ஒரு பங்குதான் தோட்டா சைஸுக்குக் குடுக்கணும். 2021ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,328 பேர் தற்கொலை, பாதிக்கு மேல. வெளிலேர்ந்து வர்ற திருடனைப் பத்தி யோசிச்சு வாங்கினது வீட்டுக்குள்ளயே இருக்கற ஒருத்தரோட கெட்ட ராத்திரில கைக்குக் கிடைச்சுடுது. வீட்ல யாராவது மனசு உடைஞ்சு கிடக்கற நேரம்னா துப்பாக்கி வாங்கற நேரம் அது இல்ல, ஏற்கெனவே இருந்தா சட்டம் அனுமதிக்கற விதத்துல கொஞ்ச நாள் வேற இடத்துல குடுத்து வைங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

2021 நவம்பர் 30 மிச்சிகன்ல ஆக்ஸ்ஃபர்ட் பள்ளிக்கூடத்துல 15 வயசுப் பையன் நாலு பேரைக் கொன்னான், அந்த 9 எம்எம் பிஸ்டலை அவங்கப்பா வாங்கி நாலு நாள்தான் ஆச்சு. 2024ல அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை. அதே வருஷம் பிப்ரவரிலேர்ந்து மிச்சிகன்ல, மைனர் கைக்குப் போக வாய்ப்பு இருக்கற இடத்துல துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்கணும்னு சட்டம் அமலுக்கு வந்துடுச்சு. பட்டன் கோட்ல ரெண்டு செகண்ட்ல திறக்கற சின்ன பெட்டகம் கிடைக்குது, கட்டில் சட்டத்தோட இரும்புக் கயிறு போட்டுக் கட்டிக்கலாம். அவசரத்துக்கும் ஆகும், குழந்தை கைக்கும் எட்டாது, மெத்தைக்கு அடில வைக்கறதுக்கு எந்த நியாயமும் இல்ல.

துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நாலு விதியை நிறைய ரேஞ்சுல சுவர்ல எழுதியே வச்சிருப்பாங்க:

1. எல்லாத் துப்பாக்கியும் எப்பவும் தோட்டா ஏத்தினதுதான்னு நினைச்சுக்கணும்.
2. அழிக்க விரும்பாத எதை நோக்கியும் துப்பாக்கியோட வாயைத் திருப்பக்கூடாது.
3. குறி சரியா விழற வரைக்கும் விரல் ட்ரிகருக்குள்ள போகக்கூடாது.
4. இலக்கு என்ன, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

கத்தி: இங்க கணக்கே வேற

முதல்ல ஒண்ணு. "டாக்டிகல்"னு பேரு போட்டு கறுப்பா விக்கற மடக்குக் கத்தியைத் தற்காப்புக்குன்னு வாங்காதீங்க. கத்தி வேலை செய்யணும்னா எதிராளி கை எட்டற தூரத்துக்கு வரணும், அங்க வந்தா ரெண்டு பேருக்கும்தான் வெட்டு விழும், கோர்ட்லயும் "இதை எதுக்கு வச்சிருந்தே"ங்கற கேள்வி உங்க மேலயே திரும்பும். கத்தியோட மதிப்பு யார் செஞ்சாங்க, எந்த எஃகு, என்ன நிலைமைல இருக்குங்கறதுல இருக்கு. சேகரிக்கறவங்க பாக்கறது அதைத்தான்.

எஃகுலேர்ந்து ஆரம்பிக்கலாம். கார்பன் எஃகு, உதாரணமா 1095ங்கற வகை, கிட்டத்தட்ட 0.95 சதவீதம் கார்பன், கூர் நல்லா ஏறும், துருவும் சீக்கிரம் ஏறும். நம்ம வீட்டு இரும்பு அரிவாள்மனைல மாங்கா நறுக்கிட்டு கழுவாம விட்டா கருத்துப் போகும் இல்லையா, 1095க்கும் அதே குணம்தான். ஸ்டெயின்லெஸ்ல குரோமியம் அதிகம். டி2ங்கற எஃகுல 12 சதவீத வாக்குல குரோமியம் இருந்தும் அதுல ஒரு பெரிய பங்கு கார்பனோட சேர்ந்து கட்டியாயிடறதால முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது, ஈரத்துல விட்டா புள்ளி புள்ளியா துரு வரும். 2001ல க்ரூசிபிள் கம்பெனி கத்திக்குன்னே எஸ்30விங்கற எஃகைக் கொண்டு வந்தாங்க, எஃகைப் பொடியாக்கி மறுபடி அழுத்தி செய்யற முறை, அதுல 4 சதவீதம் வனேடியம், கூர் நீண்ட நாள் நிக்கும், தீட்டறதுதான் கஷ்டம். 2021ல லாரின் தாமஸ்ங்கற உலோகவியலாளர் வடிவமைச்ச மேக்னாகட் எஃகு வந்தது, உறுதி, துருத் தாங்கறது, கூர் மூணும் ஒண்ணா வேணும்னவங்க அதுக்கு ஓடினாங்க. 2024 டிசம்பர்ல க்ரூசிபிள் திவால் மனு போட்டதும் கத்திக்காரங்க மத்தில பதட்டம் ஆனதுக்குக் காரணம் இதுதான், எஸ்30வி, மேக்னாகட் ரெண்டும் அந்தக் கம்பெனிலேர்ந்துதான் வந்துட்டு இருந்தது.

மடக்குக் கத்தில, திறந்த அலகு மடங்காம பிடிக்கற பூட்டும் சேகரிப்புல சேர்த்தி. 1964ல பக் கம்பெனி விட்ட 110 மாடல்தான் முதுகுப் பூட்டுக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு, மரக் கைப்பிடி, பித்தளை முனை, இன்னிக்கும் வருது. 1981ல ஸ்பைடர்கோ கம்பெனி அலகுல ஒரு ஓட்டை போட்டு ஒத்தைக் கட்டைவிரல்ல திறக்கற மாதிரி பண்ணினாங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க இந்த மாதிரி ஒரு வழியைப் பிடிச்சுக்கோங்க, ஒரே கம்பெனி, இல்ல ஒரே பூட்டு, இல்ல ஒரே காலம். கண்ணுல பட்டதெல்லாம் வாங்கினா பெட்டி நிறையும், சேகரிப்பு ஆகாது.

கேஸ் கத்தியைப் படிக்கறது எப்படி

பென்சில்வேனியா பிராட்ஃபர்டுல இருக்கற டபிள்யூ ஆர் கேஸ் கம்பெனியோட கத்திங்க பழசு சேகரிக்கறவங்களுக்கு நல்ல ஆரம்பம், ஏன்னா கத்தியே தன் வயசைச் சொல்லும். அலகைத் திறந்தா அடில, கைப்பிடியை ஒட்டி, முத்திரை இருக்கும்.

1. "கேஸ் எக்ஸ்எக்ஸ்"னு மட்டும் இருந்தா 1940லேர்ந்து 1964க்குள்ள. கூட "யுஎஸ்ஏ" இருந்தா 1965லேர்ந்து 1969.
2. 1970ல அடில பத்து புள்ளி வச்சாங்க, வருஷத்துக்கு ஒரு புள்ளியை எடுத்துட்டே வந்தாங்க. அந்த வரிசைல ஏழு புள்ளி இருந்தா 1973.
3. நம்பர்ல முதல் எண் கைப்பிடி. 6னா செதுக்கின எலும்பு, 5னா மான்கொம்பு. ரெண்டாவது எண் எத்தனை அலகு. மிச்சம் மாடல். 6254ன்னா எலும்புக் கைப்பிடி, ரெண்டு அலகு, 54ங்கறது ட்ராப்பர்னு ஒரு பாக்கெட் கத்தி மாடல்.

இவ்வளவு சுலபமா படிக்க முடியறதாலயே ஏமாத்தறதும் சுலபம், புது அலகைப் பழைய கைப்பிடில மாட்டறது, முத்திரையைத் திரும்பக் குத்தறது எல்லாம் நடக்குது. முத்திரை பளிச்சுனு ஆழமா இருந்து அலகு மட்டும் தேஞ்சு மெலிஞ்சு இருந்தா, இல்ல ரெண்டு அலகுல ஒண்ணு மட்டும் நிறம் மாறி இருந்தா, கீழ வச்சுட்டு நகர்ந்துடுங்க.

டமாஸ்கஸ்னு விக்கறது

இன்னிக்கு அலை அலையா கோடு போட்டு வர்ற டமாஸ்கஸ், ரெண்டு வித எஃகை அடுக்கி அடிச்சு மடிச்சு ஒட்டறது. அமெரிக்காவுல இதை மறுபடி கொண்டு வந்தவர் பில் மோரன், 1973ல ஒரு கத்திக் கண்காட்சில வச்சார், அவரே 1976ல அமெரிக்கன் ப்ளேடுஸ்மித் சொசைட்டி ஆரம்பிச்சார். பழைய உண்மையான டமாஸ்கஸ் வாளோட மூலப்பொருள் வேற, அது மூசைல (உலோகம் உருக்கற மண் குவளைல) உருக்கின வூட்ஸ் எஃகு, தென்னிந்தியாவுலேர்ந்து போனது, ஈரோடு பக்கம் கொடுமணல் அகழாய்வுல மூசை எஃகு செஞ்ச உலைங்களோட தடயமே கிடைச்சிருக்கு. அதனால "பாரம்பரிய டமாஸ்கஸ்"னு 40 டாலருக்கு ஆன்லைன்ல விக்கறதைப் பாத்தா, எந்த எஃகு ரெண்டையும் சேத்தாங்க, வெப்பப் பதம் யார் குடுத்தாங்கன்னு கேளுங்க. பதில் வரலன்னா அது அலங்காரப் பொருள், அவ்வளவுதான்.

மோரனோட சங்கத்துல பட்டம் வாங்கணும்னா கத்தி ஒரு பரீட்சை எழுதணும். தொங்கற ஒரு இன்ச் கயிறை ஒரே வெட்டுல அறுக்கணும், ரெண்டுக்கு நாலு மரச்சட்டத்தை ரெண்டு தடவை வெட்டித் துண்டாக்கணும், அதுக்கப்புறமும் கை முடியைச் சிரைக்கற கூர் மிச்சம் இருக்கணும், கடைசியா அதே அலகை இடுக்கில பிடிச்சு 90 டிகிரி வளைக்கணும், உடையக்கூடாது. வெளில கடினம், உள்ள வளையற தன்மை, ரெண்டும் ஒரே இரும்புல வேணும், அதைக் கையால பதம் பாத்துக் கொண்டு வர்றவங்க செஞ்ச கத்திக்கு ஏன் விலை ஏறுதுன்னு இந்த ஒரு பரீட்சையே சொல்லிடும்.

வச்சுக்கற முறை, எடுத்துட்டுப் போற சட்டம்

தோல் உறைக்குள்ள வருஷக்கணக்கா வைக்காதீங்க, தோல் பதப்படுத்தின ரசாயனமும் ஈரமும் சேர்ந்து பித்தளைல பச்சையும் அலகுல துருவும் கொண்டு வரும், உறையைப் பக்கத்துல தனியா வைங்க, அலகுல லேசா மினரல் ஆயில் போதும். பழைய செல்லுலாய்ட் கைப்பிடி இருக்கற கத்தியை மத்ததோட ஒரே பெட்டில போடவே கூடாது, அது சிதைய ஆரம்பிச்சா வர்ற வாயு பக்கத்துல இருக்கற கத்தி எல்லாத்தையும் அரிச்சுடும். பளபளன்னு பாலிஷ் போடறதும் வீல்ல தீட்டறதும் விலையைப் பாதியாக்கும், தீட்டாத பழைய அலகுதான் சேகரிக்கறவங்க தேடறது. யானைத் தந்தக் கைப்பிடின்னா 2016லேர்ந்து அமெரிக்காவுல கிட்டத்தட்ட முழுத் தடை, வாங்கறதுக்கு முன்னாடி பேப்பர் கேளுங்க.

பட்டன் அமுக்கினா தானா திறக்கற ஸ்விட்ச்ப்ளேடு விஷயத்துல 1958 ஃபெடரல் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் வியாபாரம் பண்றதைத் தடுக்குது, உள்ளூர்ல வச்சுக்கறது அந்தந்த மாநிலம். 2009ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, பாதி கையால தள்ளினா மீதி ஸ்ப்ரிங்ல திறக்கற அசிஸ்டட் வகையை விலக்கிட்டாங்க. டெக்சாஸ்ல 2013லயே ஸ்விட்ச்ப்ளேடு சரின்னு ஆயிடுச்சு, 2017லேர்ந்து அஞ்சரை இன்ச்சுக்கு மேல அலகு இருந்தா சில இடங்களுக்கு மட்டும் தடை. கலிஃபோர்னியால ஸ்விட்ச்ப்ளேடு அலகு ரெண்டு இன்ச் தொட்டாலே பாக்கெட்ல போட்டுட்டுப் போகக் கூடாது. நியூயார்க் மாநிலம் 2019ல கிராவிட்டி கத்தி (கையை உதறினாலே அலகு வெளில வர்ற வகை) மேல இருந்த தடையை எடுத்தது, ஆனா நியூயார்க் சிட்டில நாலு இன்ச் அலகை வெளில எடுத்துட்டுப் போக முடியாது, அதை விட சின்னதா இருந்தாலும் பாக்கெட் ஓரத்துல க்ளிப் வெளில தெரியற மாதிரி சொருகிட்டுப் போனாலே பிடிப்பாங்க. அட்லான்டால ஜூன் மாசம் நடக்கற பிளேடு ஷோங்கற கத்திக் கண்காட்சில வாங்கிட்டு ஃப்ளைட்ல திரும்பறவங்க கத்தி எல்லாத்தையும் செக்-இன் பெட்டில சுத்திப் போடணும், கைப்பையில ஒண்ணு மறந்து இருந்தாலும் ஸ்கேனர்லயே போயிடும். போற ஊர் சட்டத்தையும் ஏறறதுக்கு முன்னாடி பாத்துடுங்க, ஏன்னா டெக்சாஸ்ல சரியா வாங்கின ஆட்டோமேடிக் கத்தி லாஸ் ஏஞ்சலஸ்ல இறங்கினதும் குற்றமாயிடலாம்.